பார்வை ஒன்று நீக்கப்பட்டபோது

வருவாய்த் துறையில் தட்டச்சராகச் சேர்ந்து, உதவியாளராக உயர்ந்து, இருபத்தாறு ஆண்டுகள் கோப்புகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவள் நான். இன்றும் ஏதேனும் ஓர் அரசாணை கைக்கு வந்தால் என் கண் முதலில் போவது ஆணைப் பகுதிக்கு அல்ல. தலைப்பில், "பார்வை" என்ற சொல்லுக்கு எதிரே எண்ணிட்டு அடுக்கியிருக்கும் பழைய கடிதங்களையும் ஆய்வறிக்கைகளையும்தான் முதலில் படிப்பேன். எந்த ஆணையும் தன்னந்தனியாக நிற்பதில்லை. "பார்வை 1இல் கண்ட அறிக்கையின்படி" என்று ஒரு கால் ஊன்றித்தான் அது எழுகிறது. அந்தப் பார்வை ஒன்றை யாராவது ரத்து செய்துவிட்டால், அதன்மேல் போட்ட ஆணைகளை ஒவ்வொன்றாகக் கிழிக்க வேண்டிய தேவையே இல்லை. அடுத்த விசாரணையில் அவை தாமாகச் சரிந்துவிடும்.

2026 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவில் நீக்கப்பட்டது அப்படிப்பட்ட ஒரு பார்வை ஒன்று. "எண்டேஞ்சர்மென்ட் ஃபைண்டிங்" என்று அவர்கள் அழைக்கும் அதை நான் ஆபத்துத் தீர்மானம் என்று எழுதுகிறேன். அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2009 டிசம்பரில் எழுதிய தீர்மானம் அது. கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு, ஹைட்ரோஃபுளூரோகார்பன்கள், பெர்ஃபுளூரோகார்பன்கள், சல்ஃபர் ஹெக்ஸாஃபுளூரைடு ஆகிய ஆறு வகைப் பசுமைக்குடில் வாயுக்கள் வளிமண்டலத்தில் சேருவது இன்றைய தலைமுறையின் நலத்துக்கும் வருந்தலைமுறையின் நலத்துக்கும் ஆபத்து விளைவிக்கிறது என்பதும், புதிய வாகனங்களின் புகை அந்தச் சேர்க்கைக்குப் பங்களிக்கிறது என்பதும்தான் அதன் சாரம். கார், லாரி ஆகியவற்றின் கரியமிலப் புகைக்கு அங்கே விதிக்கப்பட்ட வரம்புகள் எல்லாம் இதன்மேல் நின்றன. மின்நிலையங்களுக்கான விதிகளுக்கும் இந்தத் தீர்மானமே துணை நின்றது. முகமையின் தலைவர் லீ செல்டின் 2025 ஜூலை 29 அன்று அதை நீக்குவதற்கான முன்மொழிவை வெளியிட்டார். ஏழு மாதத்துக்குள் இறுதி ஆணையே வந்துவிட்டது. தீர்மானமும் வாகனங்களுக்கான பசுமைக்குடில் வாயு விதிகளும் ஒன்றாகப் போயின.

வடசென்னையில், எண்ணூரை ஒட்டிய கத்திவாக்கத்தில் இருந்துகொண்டு இதற்காக ஏன் இரவு தூங்காமல் படித்துக்கொண்டிருக்கிறாய் என்று என் மகள் கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போடுவதற்கு முன் கொடிக்கம்பியை ஈரத்துணியால் ஒரு முறை துடைப்பது என் அம்மா காலத்திலிருந்து வரும் பழக்கம். துடைத்த துணியைப் பிழிந்தால் வாளித் தண்ணீர் சாம்பல் நிறமாகும். துளசி இலையைக் கட்டைவிரலால் தேய்த்தால் மாவு போல ஒன்று விரலில் ஒட்டும். மண் துகளைப் போல உறுத்தாது, முகப்பவுடரைப் போல வழுக்கும். அது மண்ணா சாம்பலா என்பதை இங்கே வளர்ந்த குழந்தைகள் கூடத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடும். எண்ணூரில் 1970ஆம் ஆண்டு முதல் நிலக்கரி எரிந்து வருகிறது. 450 மெகாவாட் கொண்ட பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. ஆனால் அதற்குள் கொசஸ்தலை ஆற்றின் அந்தக் கரையில் வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு நிலைகளும் சேர்ந்து 1,830 மெகாவாட், வல்லூரில் 1,500 மெகாவாட் என்று வளர்ந்துவிட்டது. 2024இல் மூன்றாம் நிலையின் 800 மெகாவாட்டும் திறந்துவைக்கப்பட்டது. நிலக்கரியில் எடுக்கும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு புகைபோக்கி வழியே போகிறது. சாம்பலைக் கண் பார்க்கிறது, விரல் தொடுகிறது. கார்பன் டை ஆக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆகவேதான் அதைப் பொறுத்தவரை ஓர் அரசு "இது தீங்கு" என்று எழுத்தில் ஒப்புக்கொள்வது அவ்வளவு முக்கியமாகிறது. அதை விரலில் தேய்த்துக் காட்டி யாரையும் நம்ப வைக்க முடியாது.

எழுத்தில் ஒப்புக்கொள்வதன் மதிப்பு எனக்கு விளங்கியது ஓர் ஆய்வின்போது. சில ஆண்டுகளுக்கு முன் சாம்பல் நீர் கொண்டுசெல்லும் குழாய் ஒன்று உடைந்து, கழிமுகத்தின் ஒரு கிளை வாய்க்காலில் நாள்கணக்கில் ஒழுகிக்கொண்டிருந்தது. எங்கள் தெருக்கோடியில் இருக்கும் மீனவர் ஒருவர், எனக்கு அண்ணன் முறை, அந்த வாய்க்காலில்தான் இறால் தடவுவார். இடுப்பளவு நீரில் உட்கார்ந்தபடி இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவித் தடவி இறாலைப் பிடித்து, பனையோலைப் பறியில் போடுகிற வேலை அது. வலை இல்லை, படகு இல்லை, பத்து விரலும் சேற்றின் மென்மையும்தான் தொழிற்கருவி. சாம்பல் படிந்த இடத்தில் சேறு இறுகிப் பலகையாகிவிட்டது. "விரல் உள்ள போகல மா, சிமெண்டுல கை வெச்ச மாதிரி இருக்குது" என்று வந்து சொன்னார். மனு எழுதிக் கொடுத்தேன். முதல் மனு, உடைப்பு ஏற்பட்ட இடம் இவ்வலுவலக எல்லைக்குள் வரவில்லை என்று திரும்பி வந்தது. கழிமுகத்துக்கு இந்தப் பக்கம் சென்னை மாவட்டம், அந்தப் பக்கம் திருவள்ளூர் மாவட்டம். இரண்டாவது மனுவுக்கு ஓர் இளம் அதிகாரி வந்து பார்த்தார். வாய்க்கால் ஓரத்தில் நின்று ஏட்டில் எழுதினார். அண்ணன் அருகில் போய், "சார், இன்னா எழுதினீங்க, கொஞ்சம் படிச்சிக் காட்டுங்க" என்று கேட்டார். அந்தப் பிள்ளை தயங்கிவிட்டுப் படித்தார்: "வாய்க்காலின் படுகையில் சாம்பல் படிவு காணப்பட்டது, ஐயா."

ஒரே வரிதான். அந்த வரி இருந்ததால் குழாயைச் சரிசெய்யச் சொல்லும் கடிதத்துக்குப் பார்வை கிடைத்தது, கடிதம் போனது, உடைப்பு அடைபட்டது. சேற்றில் இறுகிய சாம்பலை யாரும் எடுக்கவில்லை என்பது வேறு துயரம். அடுத்த ஆண்டு மீண்டும் ஒழுகியபோது வேறோர் அதிகாரி வந்தார். அன்று காலையில் குழாயில் நீரோட்டத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். "ஆய்வின்போது கசிவு ஏதும் காணப்படவில்லை, மனு முடிவு செய்யப்படுகிறது" என்று அறிக்கை வந்தது. வாய்க்கால் அதே வாய்க்கால், சாம்பல் அதே சாம்பல், அண்ணனின் விரல்களும் அவையேதான். ஆனால் தாளில் அது இல்லாமல் போனதால் அரசின் உலகத்திலும் அது இல்லாமல் போயிற்று. அந்த அறிக்கைக்குப் பிறகு ஓராண்டு ஓடியும் எதையும் நகர்த்த முடியவில்லை.

அமெரிக்காவின் ஆபத்துத் தீர்மானம் பிறந்த கதையைப் படித்தபோது, இந்த வாய்க்காலே என் நினைவுக்கு வந்தது. அதுவும் ஒரு மனுவில்தான் தொடங்கியது. வாகனப் புகையில் உள்ள பசுமைக்குடில் வாயுக்களைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று கொடுத்த மனுவை முகமை 2003இல் மறுத்தது. தனக்கு அந்த அதிகாரம் இல்லை, இருந்தாலும் இப்போது பயன்படுத்தப் போவதில்லை என்றது. மாசச்சூசெட்ஸ் மாநிலமும் மற்றவர்களும் வழக்குத் தொடர்ந்தார்கள். 2007 ஏப்ரல் 2 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ். தூய காற்றுச் சட்டத்தில் "காற்று மாசு" என்பதற்குத் தரப்பட்டுள்ள விரிந்த பொருளில் பசுமைக்குடில் வாயுக்களும் அடங்கும். ஆகவே இவை ஆபத்து விளைவிக்கின்றனவா இல்லையா என்று அறிவியலைக் கொண்டு முகமை பதில் சொல்லியே தீர வேண்டும், அரசியல் காரணம் காட்டி ஒதுங்கக் கூடாது என்பது தீர்ப்பு. அந்தக் கேள்விக்கான பதில்தான் 2009இன் தீர்மானம்.

இதில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த பகுதி வேறு. வழக்குத் தொடர உனக்கு என்ன தகுதி, உனக்கென்று என்ன பாதிப்பு என்று நீதிமன்றம் கேட்கும் அல்லவா, அதற்கு மாசச்சூசெட்ஸ் காட்டியது தன் கடற்கரையை. கடல்மட்டம் உயர உயர மாநிலத்துக்குச் சொந்தமான கரை நிலம் மூழ்குகிறது என்றது. நீதிமன்றம் அதைப் பாதிப்பாக ஏற்றுக்கொண்டது. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் உள்ளிட்ட நால்வர் ஏற்கவில்லை. இவ்வளவு பெரிய உலகில் அமெரிக்கப் புதிய வாகனங்களின் புகைக்கும் அந்த நில இழப்புக்கும் உள்ள தொடர்பு மிக மெல்லியது என்பது அவர்கள் வாதம். பெரும்பான்மை அதற்குச் சொன்ன பதில் தெளிவானது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 1999ஆம் ஆண்டில் மட்டும் வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடு 170 கோடி டன்னுக்கும் மேல், உலகம் வெளியிட்டதில் 6 விழுக்காட்டுக்கும் அதிகம். ஒரு நடவடிக்கை முழுச் சிக்கலையும் தீர்க்காது என்பதற்காக அந்த நடவடிக்கையே வேண்டாம் என்று ஆகிவிடாது. பெரிய சிக்கல்களை அரசுகள் படிப்படியாகத்தான் தீர்க்கின்றன.

கரை நிலம் போவதைப் பற்றி வடசென்னைக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்துக் கூட்டங்களில் இதைக் குழப்பிப் பேசுவதைக் கேட்டு வருத்தப்பட்டிருக்கிறேன். காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர், எர்ணாவூர் வரை நாம் இழந்த கடற்கரையில் பெரும்பகுதியைக் கொண்டுபோனது கடல்மட்ட உயர்வு அல்ல. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுத்துவிட்டன. தெற்கே மெரினா அகன்றது, வடக்கே எங்கள் கரை தேய்ந்தது. எண்ணூர் விரைவுச்சாலை ஓரமாகக் கருங்கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவுகள் போட்டது அதற்காகத்தான். கடல்மட்ட உயர்வு அதன்மேல் வந்து சேருகிற இன்னொரு சுமை. 1901க்கும் 2018க்கும் இடையே உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது என்கிறது ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் ஆறாவது அறிக்கை. உயரும் வேகமும் கூடிக்கொண்டே போகிறது. ஏற்கெனவே மணலை இழந்து நிற்கிற கரையில் ஒரு சாண் நீர் ஏறுவதும், அகன்ற மணற்பரப்புள்ள கரையில் அதே ஒரு சாண் ஏறுவதும் ஒன்றல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கடல் பொங்கி முகத்துவாரத்தில் வெள்ளம் வடியாமல் நின்றதையும், அந்த வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து படகுகளிலும் வீட்டுச் சுவர்களிலும் கறுப்புக் கோடு போட்டதையும் பார்த்தவர்களுக்கு, சுமைகள் ஒன்றன்மேல் ஒன்று சேருவது என்றால் என்னவென்று தெரியும். எது எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது அறிவியலின் வேலை. பங்கு இருக்கிறதா என்பதே சட்டம் கேட்கும் கேள்வி. அமெரிக்கச் சட்டத்தின் சொற்களும் அப்படித்தான் இருக்கின்றன: ஆபத்து விளைவிக்கும் என்று நியாயமாக எதிர்பார்க்கத்தக்க மாசுக்குக் காரணமாகவோ பங்களிப்பதாகவோ இருந்தால் போதும்.

இப்போது நீக்கியவர்கள் சொல்லும் வாதங்களை, அவற்றுக்குரிய மரியாதையோடு எடுத்துப் பார்க்கிறேன். தூய காற்றுச் சட்டம் மக்கள் மூச்சுவிடும் உள்ளூர்க் காற்றைப் பற்றியது, உலகம் முழுவதும் பரவும் வாயுக்களைப் பற்றியது அல்ல என்பது முதல் வாதம். நாட்டின் பொருளாதாரத்தையே புரட்டிப்போடும் கேள்விகளை நாடாளுமன்றம்தான் வெளிப்படையாகச் சட்டம் இயற்றி முடிவுசெய்ய வேண்டும், ஒரு முகமை அல்ல என்பது இரண்டாவது. இதற்கு அவர்கள் துணைக்கு அழைப்பது மேற்கு வர்ஜீனியா வழக்கில் 2022இல் வந்த தீர்ப்பை. அமெரிக்க வாகனப் புகை முழுவதையும் நிறுத்தினாலும் உலக வெப்பத்தில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் வராது என்பது மூன்றாவது. வாகன விலை குறையும், மொத்தத்தில் 1.3 லட்சம் கோடி டாலருக்கு மேல் மிச்சமாகும் என்பது நான்காவது.

இவற்றில் இரண்டாவதை என்னால் எளிதில் தள்ளிவிட முடியவில்லை. அரசு அலுவலகத்தில் இருந்தவள் என்பதால், அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி எனக்கு உயிரானது. சட்டமன்றம் தராத அதிகாரத்தை ஓர் அலுவலகம் தானே எடுத்துக்கொள்வது நாளைக்கு எளியவர்களுக்கு எதிராகவும் திரும்பும். ஆனால் இங்கே அதிகாரம் 1970இல் நாடாளுமன்றம் எழுதிய சட்டத்திலேயே இருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 2007இல் சொல்லிவிட்டது, அந்தத் தீர்ப்பு இன்றுவரை மாற்றப்படவில்லை. தீர்ப்பு நிற்கும்போது அதன் பயனாகப் பிறந்த தீர்மானத்தை நீக்குவது எப்படி என்பதுதான் இனி நீதிமன்றத்தில் நடக்கப்போகும் வாதத்தின் உயிர்நாடி.

முதல் வாதத்தைப் படித்தபோது திரும்பி வந்த எங்கள் முதல் மனு என் கண்முன் நின்றது. "இவ்வலுவலக எல்லைக்குள் வரவில்லை." சாம்பல் நீருக்கு மாவட்ட எல்லை தெரியாது. ஒரு மாசு ஊரெல்லையைத் தாண்டிப் பரவுகிறது என்பது அதைக் கவனிக்க வேண்டியவர்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டுமே தவிர, ஒருவர்கூடக் கவனிக்க வேண்டாம் என்ற இடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.

மூன்றாவது வாதத்தைத்தான் நான் முழு மூச்சோடு மறுக்கிறேன். எங்கள் பகுதியில் நடக்கும் ஒவ்வொரு கருத்துக்கேட்புக் கூட்டத்திலும், ஒவ்வொரு தொழிற்சாலைக்காகவும், இந்த வாதத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். மணலியிலும் எண்ணூரிலும் அத்திப்பட்டிலும் இருக்கும் எந்த ஓர் ஆலையை எடுத்துக்கொண்டாலும், மொத்தத் தூசியில் அதன் பங்கு சிறியதுதான். அதை மட்டும் மூடினால் கொடிக்கம்பி சுத்தமாகிவிடாது என்பதும் உண்மைதான். அந்த உண்மைகளை எல்லாம் கூட்டினால் வருவது எங்கள் வாளித் தண்ணீரின் நிறம். அமெரிக்காவின் பசுமைக்குடில் வாயுக்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் வருவது போக்குவரத்துத் துறையிலிருந்து; தொழிற்புரட்சிக்குப் பின் உலகம் வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடு மொத்தத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அந்த ஒரே நாட்டினுடையது. அந்த நாட்டின் அந்தத் துறையே கணக்கில் வராத அளவு சிறியது என்றால், உலகில் கணக்கில் வரத்தக்க பங்கு யாருக்குமே இல்லை என்றாகிவிடும். 2007இல் அந்தத் தீர்ப்பு வந்தபோது காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சம் பங்குக்கு ஏறத்தாழ 384 பங்கு இருந்தது. 2025 மே மாதத்தில் ஹவாய்த் தீவின் மௌனா லோவா நிலையத்தில் அளந்த சராசரி 430ஐத் தாண்டியது. யாருடைய பங்கும் சிறியதாக இருந்துகொண்டே அது அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

அறிவியலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்மொழிவு வந்த அதே நாளில் அமெரிக்க எரிசக்தித் துறை, ஐந்து பேரைக் கொண்டு எழுதிய அறிக்கை ஒன்றை வெளியிட்டது. வெப்பமயமாதலின் தீங்கு மிகைப்படுத்தப்படுகிறது என்பது அதன் போக்கு. செப்டம்பரில் அந்நாட்டுத் தேசிய அறிவியல் கழகங்கள் தம் மதிப்பீட்டை வெளியிட்டன: 2009இன் தீர்மானம் சரியானது, காலத்தின் சோதனையைத் தாங்கி நின்றது, பின்னர் வந்த சான்றுகள் அதை மேலும் உறுதியாக்கியுள்ளன. இறுதி ஆணை பெரும்பாலும் சட்ட வாதங்களின் மேலேயே சாய்ந்து நிற்கிறது. தீங்கு இல்லை என்று நிறுவாமலேயே, தீங்கு என்று எழுதிய தாளை எடுத்துவிட்டார்கள். எனக்கு மிகவும் கசப்பது இதுதான்.

பணக் கணக்கைப் பற்றியும் ஒரு சொல். விலைவாசி என்பதை நான் லேசாக எண்ணுகிறவள் அல்ல. என் தம்பி மகன் அனல்மின் நிலையம் ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி, அந்தச் சம்பளத்தில்தான் அவன் வீட்டில் உலை வைக்கிறார்கள். விதிகளுக்கு விலை உண்டு, அந்த விலையை யார் தலையில் வைப்பது என்பதை அரசுகள் யோசித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் ஒரு பேரேட்டில் வரவுப் பக்கத்தை மட்டும் எழுதிவிட்டு இருப்புக் கட்ட எந்தத் தணிக்கையாளரும் விடமாட்டார். வாகனம் வாங்குகிறவருக்கு மிச்சமாகும் தொகை எழுதப்படுகிறது. வெப்ப அலையில் கூலி இழப்பவர், புயலில் படகை இழப்பவர், அவர்களில் பலர் அந்த நாட்டிலேயே பிறக்காதவர்கள் என்றாலும், அவர்களது இழப்பு எந்தப் பக்கத்தில் எழுதப்படுகிறது?

இந்த நீக்கத்தால் நிறுவனங்களுக்கே ஒரு சங்கடம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சில மாநிலங்கள் பெரிய மின் நிறுவனங்கள் மேல் நேரடியாகத் தொடர்ந்த வழக்கை 2011இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக நிராகரித்தது. இந்த வாயுக்களைக் கட்டுப்படுத்தும் பொறுப்பைச் சட்டம் முகமையிடம் ஒப்படைத்திருப்பதால், நீதிமன்றங்கள் முன்தீர்ப்புகளால் உருவான பொதுச் சட்டத்தின் வழியே தனியாக நுழையத் தேவையில்லை என்பதே அன்று சொன்ன காரணம். அந்தக் காரணம் நிறுவனங்களுக்கு ஒரு கேடயமாக இருந்து வந்தது. முகமைக்கு அந்த அதிகாரமே இல்லை என்று முகமையே இன்று எழுதிக் கொடுத்த பிறகு, அந்தக் கேடயம் எவ்வளவு நாள் தாங்கும் என்று அந்நாட்டு மின் துறையினரே கவலைப்படுகிறார்கள்.

நம் நாட்டுக்கு வருகிறேன். அங்கே நடப்பதைக் கண்டிப்பதோடு நிறுத்திக்கொண்டால் நான் பாதிதான் எழுதியவளாவேன். 2015 டிசம்பரில் நம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், அனல்மின் நிலையங்களின் கந்தக டை ஆக்சைடுக்கு வரம்பு விதித்து இரண்டு ஆண்டுகள் கெடு கொடுத்தது. கந்தக நீக்கக் கருவியைப் பொருத்துவதற்கான கெடு மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. 2025 ஜூலையில் வந்த அறிவிக்கையின்படி, பெருநகரங்களுக்கு அருகில் உள்ளவை, மாசு மிகுந்த பகுதிகளில் உள்ளவை தவிர்த்து, நாட்டின் நிலக்கரி மின் அலகுகளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டவை அந்தக் கட்டாயத்திலிருந்து விலக்கப்பட்டன. கந்தக டை ஆக்சைடு பசுமைக்குடில் வாயு அல்ல. அது நேரே நுரையீரலைத் தாக்குகிற மாசு. ஆனால் விலக்கு அளித்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, கருவியை இயக்கவும் சுண்ணாம்புக்கல்லைப் பயன்படுத்தவும் செய்தால் கார்பன் டை ஆக்சைடு கூடும் என்பது. அந்தக் கரையில் கார்பன் எங்கள் பொறுப்பல்ல என்று சொல்லி ஒரு விதி விலகியது; இந்தக் கரையில் கார்பன் தீங்கு என்று சொல்லி இன்னொரு விதி விலகியது. இரண்டு இடத்திலும் புகைபோக்கியின் கீழே குடியிருப்பவர்களின் குரல் எடுபடவில்லை.

நம்மிடம் நல்லதும் இருக்கிறது. 2024 மார்ச் 21 அன்று, கானமயில் பறவையைக் காப்பது தொடர்பான ரஞ்சித்சிங் வழக்கில், காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளுக்கு எதிரான உரிமை மக்களுக்கு உண்டு, அது அரசமைப்பின் 14, 21ஆம் பிரிவுகளிலிருந்து பிறக்கிறது என்று நம் உச்ச நீதிமன்றம் எழுதியது. 2025 அக்டோபரில், அலுமினியம், சிமென்ட், குளோர்-ஆல்கலி, காகிதம் ஆகிய துறைகளின் 282 ஆலைகளுக்குப் பசுமைக்குடில் வாயுக்களில் இலக்கு வைக்கும் விதிகளை மத்திய அரசு அறிவித்தது. அந்த முதல் பட்டியலில் அனல்மின் நிலையங்கள் இல்லை. ஓர் இந்தியர் ஆண்டுக்கு வெளியிடுவது ஏறத்தாழ இரண்டு டன், ஓர் அமெரிக்கர் வெளியிடுவது அதைப்போல் ஆறேழு மடங்கு என்பதால், யார் முதலில் குறைக்க வேண்டும் என்று கேட்கிற உரிமை நமக்கு முழுமையாக உண்டு. அந்தக் கேள்வியை நானும் கேட்கிறேன். ஆனால் அது முறை வைக்கிற கேள்வி, தீங்கே இல்லை என்று மறுக்கிற கேள்வி அல்ல. கத்திவாக்கத்துக் குழந்தையின் மூச்சுக்குழாய்க்கு உலக நீதியின் வரிசை எண் தெரியாது.

நீக்கத்தை எதிர்த்து அமெரிக்கச் சுகாதார அமைப்புகளும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் வாஷிங்டனில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் சென்றிருக்கின்றன. அங்கிருந்து அது உச்ச நீதிமன்றத்துக்குப் போகும் என்றே சட்டம் படித்தவர்கள் எதிர்பார்க்கிறார்கள். 2007இல் பெரும்பான்மையில் இருந்த ஐவரில் ஒருவர்கூட இன்று அந்த ஆயத்தில் இல்லை. மறுத்து எழுதிய நால்வரில் ராபர்ட்ஸ், தாமஸ், அலிட்டோ ஆகிய மூவர் நான் இதை எழுதும்போது அமர்ந்திருக்கிறார்கள். மனத்தில் பாரம் ஏறுகிற கணக்கு இது. ஆனாலும் வழக்குத் தொடர்ந்தவர்கள் கையில் ஒன்று இருக்கிறது: பதினாறு ஆண்டுகளாகக் கோப்பில் இருந்த தீர்மானமும், அதைத் தாங்கி நின்ற நூற்றுக்கணக்கான பக்கச் சான்றுகளும். ரத்து செய்யப்பட்ட தாளும் கோப்பைவிட்டு வெளியே போவதில்லை. மேலே ஒரு கோடு போடப்பட்டு உள்ளேயே இருக்கும், கேட்கத் தெரிந்தவர் எடுத்துப் பார்க்கலாம்.

போன வாரம் அண்ணன் மீண்டும் வந்தார். வாய்க்காலின் மேல்பக்கத்தில் புதிதாக வெளுத்த நுரை வருகிறது என்றார். கையைக் காட்டினார், நகக்கண்ணில் சாம்பல் ஏறியிருந்தது. பழைய பெட்டியிலிருந்து அந்த முதல் ஆய்வறிக்கையின் நகலை எடுத்தேன். ஓரம் கரையான் அரித்திருந்தது, ஆனால் ந.க. எண்ணும் நாளும் தெளிவாக இருந்தன. புது மனுவில் பார்வை என்று போட்டு, 1 என்று எண்ணிட்டு, அந்த எண்ணை எழுதினேன். கீழே அடைப்புக்குறிக்குள், "படுகையில் சாம்பல் படிவு காணப்பட்டது" என்ற வரியை அப்படியே எடுத்துச் சேர்த்தேன். இந்த முறை இரண்டு மாவட்டங்களுக்கும் இரண்டு படிகள். வரும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் அவர் சென்னை ஆட்சியர் அலுவலகத்துக்கும் நான் திருவள்ளூருக்கும் போகிறோம்.